வைத்திய மாணவரும் இணைய மயக்கமும்



போதை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன கள்ளும் சாராயமும் அபினும் கஞ்சாவுமேயாம். ஏதேனும் ஒரு பொருள் உடலினுட் சென்று இரத்தத்தோடு கலந்தாலன்றி மயக்கம் உண்டாகாது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயினும், ஒரு துளி மதுவும் அருந்தாமலே நாட்டையும் தம்பியரையும் தன்னையும் ஈற்றில் மனைவியையும் பணயமாக வைத்துத் தோற்ற தருமனுடைய கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள் நாம். அந்தப் பகடைக் காய்களிலே எந்த நஞ்சும் பூசப்பட்டிருக்கவில்லை. அடுத்த உருட்டலிலே வெற்றி கிட்டக்கூடும் என்ற எண்ணமே அங்கு மதுவின் தொழிலைச் செய்தது.

இதனை நான் அலங்காரத்துக்காகக் கூறவில்லை. இணைய மயக்கம் பற்றிய ஆராய்ச்சியே சூதாட்டத்தைப் பின்பற்றித்தான் பிறந்தது. 1995ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து உளநோய் வைத்தியர் ஐவன் கோல்ட்பேர்க் என்பவர், உளநோய்களுக்குப் பெயரிட்டுப் பட்டியல் வகுக்கும் முறையைக் கேலி செய்யும் நோக்குடன், "இணைய அடிமை நோய்" என்று ஒன்றைக் கற்பனையாக எழுதி வெளியிட்டார். கேலியை வாசித்தவர்களுட் சிலர் தமக்கு அந்நோய் உண்மையாகவே இருக்கின்றதென்று அவருக்கு எழுதத் தொடங்கியதுதான் வேடிக்கை. அடுத்த ஆண்டு, 1996இல், கிம்பர்லி யங் என்னும் அமெரிக்க உளவியலாளர் ரொறன்ரோ நகரிலே நடைபெற்ற உளவியலாளர் மாநாட்டில் இதனை மெய்யான ஆராய்ச்சிப் பொருளாகவே முன்வைத்தார். கட்டுக்கடங்காத சூதாட்டத்தை அறிவதற்கு வைத்தியர் பயன்படுத்திய குறிகளையே சற்று மாற்றி எட்டு வினாக்களாக அவர் அமைத்தார். 1998இல் 20 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றையும் அவர் வெளியிட்டார். உலகெங்கும் இன்றுவரை மாணவரிடையே நடத்தப்படும் ஆய்வுகளிற் பல அந்த 20 வினாக்களையே நம்பியிருக்கின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். இணைய மயக்கம் என்பது உலக வைத்தியர்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட நோயன்று. 2013இல் அமெரிக்க உளநோய் வைத்தியர் சங்கம் தனது கைந்நூலிலே இணைய விளையாட்டு மயக்கத்தை மாத்திரம், "மேலும் ஆராயத்தக்கது" என்ற பகுதியிற் சேர்த்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை விளையாட்டு மயக்கத்தை நோய்ப் பட்டியலில் ஏற்க, அப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அந்நோய்க்கு மூன்று குறிகள் சொல்லப்பட்டுள்ளன. ஆட்டத்தை அடக்கியாளும் ஆற்றல் குன்றுதல் ஒன்று. வாழ்க்கையின் ஏனைய கடமைகள் யாவற்றிலும் ஆட்டமே முதன்மை பெறுதல் மற்றொன்று. தீங்கு விளைந்த பின்னரும் விடாது தொடர்தல் மூன்றாவது. எத்தனை மணிநேரம் என்ற கணக்கு இம்மூன்றிலும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகின்றேன். நமது வீடுகளிலே இந்த விடயம் பேசப்படும்போது மணிக்கணக்கு ஒன்றே பேசப்படுகின்றது.

இனி வைத்திய மாணவரிடம் வருவோம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2018இல் வெளியான கட்டுரை ஒன்று, 3651 வைத்திய மாணவரைக் கணக்கிலெடுத்து, அவர்களுள் நூற்றுக்கு 30 பேர் அளவில் இணைய மயக்கத்துக்கு உட்பட்டவர் என்று முடிவு கூறியது. பொதுமக்களிடையே காணப்படுவதைப் போல இது ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும் அது கூறிற்று. நாளை நம் நாடியைப் பிடிக்கப் போகின்றவர்களுள் மூவரில் ஒருவர் மயக்கத்தில் இருக்கின்றார் என்று கேட்டால் எவருக்கும் திகில் உண்டாகத்தான் செய்யும்.

எனக்கு இந்த எண்ணைப் பற்றிச் சிறிது ஐயம் உண்டு. வினாக்கள் 20க்கும் உரிய மொத்தப் புள்ளிகள் 100. எத்தனை புள்ளிகளுக்கு மேற்பட்டால் மயக்கம் எனக் கொள்வது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. கோட்டைத் தாழ்த்தினால் நோயாளர் பெருகுவர், உயர்த்தினால் அருகுவர். அன்றியும், அவ்வினாக்கள் எழுதப்பட்ட காலத்தில் இணையம் என்பது மேசையின் மீது வைக்கப்பட்ட கணினியிலே, தொலைபேசிக் கம்பியின் வழியாக, வேண்டும்போது சென்று வருகின்ற ஓர் இடமாக இருந்தது. வேறொரு வேலையைத் தொடங்குமுன் மின்னஞ்சலைப் பார்க்கின்றீரா என்பது அவ்வினாக்களுள் ஒன்றின் கருத்து. இன்றைய வைத்திய மாணவர் காலையில் எழுந்தவுடன் தொலைபேசியைப் பாராவிட்டால், எட்டு மணி விரிவுரை எந்த மண்டபத்துக்கு மாற்றப்பட்டது என்பதையே அறியமாட்டார். கடமையையும் மயக்கத்தையும் வேறு பிரித்தறிய மாட்டாத அளவுகோல் கூறும் எண்ணை நாம் சற்று நிதானத்துடனேயே ஏற்றல் வேண்டும்.

எண்ணைக் குறைத்து மதிப்பிட்டாலும் விடயத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஏனெனில் வைத்திய மாணவருடைய நிலையிலே வேறெங்கும் காணப்படாத ஓர் இக்கட்டு இருக்கின்றது. குடியை விட விரும்புகின்றவனுக்கு நாம் கூறும் முதற் புத்திமதி, கள்ளுக் கடை இருக்கும் தெருவாற் போகாதே என்பதாகும். வைத்திய மாணவருக்கோ கள்ளுக் கடையும் நூல்நிலையமும் ஒரே கட்டடத்தில், ஒரே வாசலுடன் அமைந்துவிட்டன. வாசலை மூடினால் படிப்பும் மூடப்படும்.

நமது நாட்டு நிலைமையைச் சிந்தித்துப் பாருங்கள். க.பொ.த. உயர்தரப் பரீட்சை வரையில் உயிரியலையும் இரசாயனத்தையும் தமிழிலே கற்று, இரவு பகலாகப் பாடுபட்டு வைத்திய பீடத்திற் காலடி வைக்கும் மாணவருக்கு முதல் நாளிலிருந்தே விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் அவர்கள் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தும் நூல்களைத் தமிழாக்கியும் காட்டிய வழி இடையிலே தூர்ந்துபோனமை வேறொரு பேச்சுக்கு உரிய பொருள். இன்று அந்த மாணவருக்கு உதவிக்கு வருவது இணையமே. விரிவுரையில் ஓடி மறைந்த சொல்லை அகராதியில் தேடித் தருவதும், மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளின் பாதையைப் படமாகச் சுழற்றிக் காட்டுவதும், புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடியும் கேட்க விடுவதும் அதுவே. விரிவுரையாளரை இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்படும் பிள்ளை யூரியூப்பை இருபது முறை கேட்கலாம். 2020இல் கொவிட் நோய் பரவிப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் முழுவதும் அத்திரைக்குள்ளேயே வந்து சேர்ந்தன. மூத்த மாணவர் இளைய மாணவருக்குத் தாமாகச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பை நமது பல்கலைக்கழகங்களில் "குப்பி" என்று அழைப்பர். குப்பி விளக்கின் பெயராலேயே அது வந்ததென்பர். அந்தக் குப்பியும் இன்று பெரும்பாலும் திரையிலேதான் எரிகின்றது.

விளக்கைப் பற்றிச் சொன்னதனால் ஞாபகம் வருகின்றது. 1990ஆம் ஆண்டு தொடக்கம் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெயும் அரிதாயிருந்தது. போத்தலில் திரியிட்டு எரித்த சிறு விளக்கின் ஒளியிலே படித்து வைத்தியரானவர் பலர் இன்று பேராசான்களாக இருக்கின்றனர். "நாங்கள் போத்தல் விளக்கிலே படித்தோம், உங்களுக்கு என்ன குறை?" என்று இளையோரைக் கடிந்துகொள்வோரும் அவர்களிடையே உண்டு. அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதே. ஆயினும் அந்த விளக்கிற்கு ஓர் இயல்பு இருந்தது. எண்ணெய் தீர்ந்தால் அது அணையும். அணைந்தால் படிப்பவர் உறங்குவார். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. இந்த வானொலிக்குக்கூட இரவிலே நிகழ்ச்சிகளை முடித்து வணக்கம் கூறும் நேரம் ஒன்று இருந்தது. முடிவு உள்ள பொருளைக் கையாளப் பழகிய மனிதனிடம் முடிவற்ற பொருளைக் கொடுத்துவிட்டு, நீயே நிறுத்திக்கொள் என்று கூறுவது எளிதான கட்டளையன்று.

அந்த முடிவின்மை தற்செயலாக வந்ததுமன்று. 2006இல் ஏசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர், திரையிலுள்ள பக்கத்தின் அடியை நெருங்கியதும் அடுத்த பகுதி தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் முறை ஒன்றை வகுத்தார். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும். வாசகருக்கு வசதி என்றே அதனை அவர் கருதினார்; பிற்காலத்தில் அதன் விளைவைக் கண்டு வருந்துவதாக அவரே பகிரங்கமாகக் கூறினார். இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களைக் கூட்டில் அடைத்து, சிறு பலகையைக் கொத்தினால் இரை கிடைக்கும்படி செய்து ஆராய்ந்தார். ஒவ்வொரு கொத்துக்கும் இரை கிடைத்து வந்த புறா, இரை நின்றதும் விரைவிலே கொத்துவதை விட்டுவிட்டது. எத்தனையாவது கொத்துக்கு இரை வரும் என்று கணிக்க முடியாதிருந்த புறாவோ, இரை நின்ற பின்னரும் நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருந்தது. பத்துச் செய்திகளுள் ஒன்று சுவையானதாகவும் ஒன்பது வெறுமையானவையாகவும் வருவதுதான் நம்மைத் திரும்பத் திரும்பத் திரையைத் தட்டச் செய்கின்றது. தருமனுடைய பகடையும் இவ்வகையினதே.

ஆகவே, நெஞ்சறையின் குருதிக் குழாய்களைத் தேடிப் பத்தரை மணிக்குத் திரையைத் திறந்த மாணவர் ஒரு மணிக்குக் கிரிக்கெட் ஆட்டத்தின் துண்டுப் படங்களிலே நிற்கின்றார். இடையில் ஒரு கட்டத்திலும் அவர் "இனிப் படிக்க மாட்டேன்" என்று தீர்மானம் செய்யவில்லை. பாடம் முடிந்த இடத்திலே அதன் பக்கத்தில் வேறொன்று காத்திருந்தது, அவ்வளவுதான்.

இதனால் முதலில் இழக்கப்படுவது உறக்கம். திரையின் நீல ஒளி உறக்கத்தைக் கெடுக்கும் என்று பத்திரிகைகள் அடிக்கடி எழுதுகின்றன. அதில் உண்மை உண்டாயினும், ஒளியின் நிறத்தைவிட, உறங்கவேண்டிய நேரமே களவு போவதுதான் பெரிய நட்டம் என்பது என் கருத்து. 1924ஆம் ஆண்டிலேயே கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டலன்பக் என்னும் இருவர் இரண்டு மாணவரைக் கொண்டு ஓர் எளிய சோதனை நடத்தினர். பொருளற்ற அசைகளை மனனம் செய்வித்து, உறங்கிய பின்னரும், அதே அளவு நேரம் விழித்திருந்த பின்னரும் எத்தனை அசைகள் நினைவில் நிற்கின்றன என்று பார்த்தனர். உறங்கி எழுந்தபோதே கூடுதலாக நின்றன. பகலிலே சேர்த்த அறிவை மூளை இரவிலேதான் அடுக்கி வைக்கின்றது என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் பலவாறாக விளக்கியுள்ளன. உறக்கத்தைக் கொடுத்துப் பாடத்தை வாங்குகின்ற மாணவர், பணத்தைப் பெட்டியில் இட்டுவிட்டு அதன் அடிப்பலகையைக் கழற்றி விற்பவருக்கு ஒப்பாவார்.

இரண்டாவது இழப்பு இன்னும் நுட்பமானது. திரையிலே அழகாக விளக்கப்பட்ட பாடத்தைப் பார்க்கும்போது எல்லாம் விளங்கிவிட்டது போன்ற நிறைவு உண்டாகின்றது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர், ஒரு பகுதி மாணவரைப் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தனர். மறு பகுதியினரை வாசித்ததை நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடங்களின் பின்னர் சோதித்தபோது திரும்ப வாசித்தவரே முன்னின்றனர். ஒரு வாரத்தின் பின்னரோ நினைவிலிருந்து எழுதியவர்கள் அவர்களை வெகுவாக முந்திவிட்டனர். பார்த்துப் பழகியதைக் கற்றதாக மயங்குதல் புத்தகக் காலத்திலும் இருந்ததே. ஆனால் இரட்டை வேகத்தில் ஓடும் ஒளிப்படங்கள் அதனை மிகவும் இலகுவாக்கிவிட்டன.

மூன்றாவது, நோயாளியின் கட்டிலருகே நிகழ்வது. இருதயத்தின் முணுமுணுப்பை இணையத்திலே ஒலிப்பதிவாகக் கேட்கலாம். மண்ணீரல் வீங்கியிருப்பதை விரல் நுனியால் உணர்வதற்கு எந்தத் திரையும் உதவாது. மூச்சை உள்ளிழுக்கச் சொல்லி, இடப்பக்க விலாவின் கீழே கையை வைத்துப் பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும். வயல் வேலையை விட்டு வந்து படுத்திருக்கும் முதியவர் தமது நோயை நேரடியாகச் சொல்லமாட்டார். மழை பெய்ததைப் பற்றியும் மகளின் கலியாணத்தைப் பற்றியும் சொல்லிவிட்டு, நடுவிலே ஒரு வசனத்தில் நோயைச் சொல்வார். முப்பது விநாடிக்கு ஒருமுறை புதியதை வேண்டும் மனம் அந்த வசனம் வரும் வரையிற் காத்திருக்குமா? இத்தொழிலில் இழப்பு மாணவருடன் நின்றுவிடுவதில்லை.

நேயர்களே, இதுவரை மயக்கத்தை ஒரு காரணமாகவே பேசி வந்தேன். பல வேளைகளில் அது ஒரு விளைவு என்பதையும் கூறாவிட்டால் பேச்சு ஒருதலைப்பட்டதாகும். 2016இல் வெளியான பேராய்வு ஒன்று 43 நாடுகளின் வைத்திய மாணவரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, அவர்களுள் நூற்றுக்கு 27 பேர் அளவில் மனச்சோர்வின் அறிகுறிகளை உடையவர் எனக் கண்டது. அவ்வாறு சோர்வுற்றவர்களுள் உளநோய் வைத்தியரை நாடியவர் நூற்றுக்கு 16 பேர்கூட இல்லை. ஊரிலே முதல் மாணவராக இருந்தவர், முதல் மாணவர்கள் மாத்திரமே கூடியுள்ள மண்டபத்துக்குள் வந்து முதன்முறையாகக் கடைசி வரிசையிற் சேர்கின்றார். வீட்டிலுள்ளோருக்கு அதைச் சொல்ல வழியில்லை. அவர்கள் ஏற்கெனவே அயலவரிடம் "எங்கள் டாக்டர்" என்று பேசத் தொடங்கிவிட்டனர். பிணவறையின் மணத்தையும், வாட்டிலே முதன்முறை கண்ட மரணத்தையும், பரீட்சையில் தவறிய பாடத்தையும் அவர் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பார்? கையிலுள்ள திரை எதையும் கேட்பதில்லை, எதையும் ஒப்பிடுவதில்லை. அதற்குள்ளே புகுந்துகொள்கின்றார். அங்கே சிரிப்புப் படம் இருக்கின்றது. தன்னைப் புகழும் அறிமுகமற்றவர் இருக்கின்றார். தோற்றால் மறுபடியும் தொடங்கக்கூடிய விளையாட்டு இருக்கின்றது.

சோர்வினால் திரையை நாடினாரா, திரையினால் சோர்வுற்றாரா என்பதை ஆய்வுகளும் திட்டமாகப் பிரித்துரைக்கவில்லை. ஒருமுறை மாத்திரம் எடுக்கப்பட்ட கணக்கினால் எது முந்தியது என்று காட்ட முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று கொள்வதே பொருத்தமாகும். ஆதலால் தொலைபேசியைப் பறித்துக்கொள்வது வைத்தியமாகாது. ஒதுங்கியிருந்த ஒரேயொரு குடிசையையும் பிரித்தெறிந்துவிட்டு, மழையை அப்படியே விடுவதாக அது முடியும்.

உளநோயை மறைக்க வேண்டிய மாசு என எண்ணும் வழக்கம் பாமரரிடம் மாத்திரம் உண்டென்று கருத வேண்டாம். உளநோயியலைப் பாடமாகப் படிக்கும் மாணவரே, ஆசிரியராயுள்ள வைத்தியரிடம் நோயாளியாகப் போய் நிற்பதற்கு அஞ்சுகின்றனர். நாளைக்கு அவரே தம்மைப் பரீட்சிப்பாரே, சக மாணவருக்குத் தெரிந்துவிடுமே என்பது அவர்களுடைய அச்சம். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. பரீட்சிக்கும் ஆசிரியர் வேறாகவும் சிகிச்சை செய்யும் வைத்தியர் வேறாகவும் இருக்கும்படி ஒழுங்கு செய்வதும், பதிவுகள் பீடத்தின் கைக்குப் போகாமற் காப்பதும் பீடங்களின் கடமையாகும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பிலே அறிவித்தல் அனுப்பிவிட்டு, மாணவர் இரவிலே தொலைபேசியைப் பார்க்கின்றார் என்று குறைகூறுவது அழகன்று. மாலை ஆறு மணிக்குப் பின்னர் அறிவித்தல் இல்லை என்ற விதியைப் பீடமே ஏற்படுத்தலாம்.

மாணவருக்கு நான் சொல்லத்தக்கவை சிறியவை. தேடப்போகும் விடயத்தை முதலிலே தாளில் எழுதிவிட்டுத் திரையைத் திறவுங்கள். தாளிலுள்ளது முடிந்தால் மூடுங்கள். பார்த்த பாடத்தைத் திரையை மூடி வைத்துவிட்டு வெறுந்தாளில் எழுதிப் பாருங்கள். விழித்தெழுவதற்குப் பத்து நூறு ரூபா கூடச் செலவானாலும் மணிக்கூடு ஒன்று வாங்கிக்கொண்டு, தொலைபேசியை அறைக்கு வெளியிலோ நண்பரின் மேசையிலோ வைத்துவிட்டு உறங்குங்கள். இவை போதாமற்போகும் நிலையும் உண்டு. நிறுத்த முயன்று பன்முறை தோற்று, வகுப்பும் வாட்டும் தவறி, உணவும் உறக்கமும் நிலைகுலைந்து, அப்பொழுதும் விட முடியவில்லையென்றால் அது மனவுறுதி பற்றிய விடயமன்று. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக ஆராய்ந்து மாற்றும் உளச் சிகிச்சை முறை இதற்குப் பயன்படுகின்றது. அடியிலே மனச்சோர்வு இருந்தால் அதற்கும் தகுந்த வைத்தியம் உண்டு.

பெற்றோர் பலரும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் எத்தனை மணிநேரம் தொலைபேசி பார்க்கின்றாய் என்று கேட்டால் உண்மை வராது. நன்றாக உறங்குகின்றாயா, யாருடன் சேர்ந்து சாப்பிடுகின்றாய், வாட்டிலே இந்தக் கிழமை எந்த நோயாளியோடு கதைத்தாய் என்று கேளுங்கள். விடை சொல்லாமல் அறைக்குள் போய்விட்டால், மறுநாள் மறுபடியும் கேளுங்கள். பிள்ளை உயிரை வெறுத்துப் பேசுவதாகத் தோன்றினால் மறுநாளுக்குத் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் அழைக்கலாம். பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. தாயோ தந்தையோ விடுதித் தோழரோ அழைக்கலாம்.